அம்மா சாகாத கேசட்

செத்துப்போக வேண்டிய அம்மா சாகவில்லை என்று சொல்லி ஒருவர் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த விஷயம் அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தொண்ணூறுகளில் ஒன்பது வருஷம் மயிலாப்பூரில் ஒரு வீடியோ லைப்ரரியில் வேலை பார்த்தேன். இப்போது வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கடை இருந்ததே தெரியாது. படங்களை கேசட்டில் வைத்து வாடகைக்கு விடுவோம். கேசட் போட்டுப் பார்க்கிற மிஷினுக்கு டெக் என்று பெயர். அது எல்லோர் வீட்டிலும் இருக்காது. சனிக்கிழமை சாயங்காலம் டெக்கையும் நாலு படத்தையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய் திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து வைப்பார்கள்.

என் இடம் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை. இரண்டு டெக், ஒரு டிவி, ஒரு ஸ்டூல். திரும்பி வந்த கேசட்டை ரீவைண்ட் செய்ய வேண்டும். பூஞ்சை பிடித்த டேப்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். அறுந்ததை ஒட்ட வேண்டும். பிறகு முதல் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பேன். பெயர் ஓடுகிறது, கலர் வருகிறது, சத்தம் வருகிறது என்றால் டப்பாவில் போட்டு அடுக்கிவிடுவேன். ஒரு நாளைக்கு அறுபது கேசட் வந்தால் அதற்குமேல் பார்க்க முடியாது. ஆட்களிடம் பேசுவது எனக்கு வராது. அந்தத் திரைச்சீலை இருந்ததால்தான் அத்தனை வருஷம் அங்கே தாக்குப்பிடித்தேன்.

1. புகார்

வந்தவர் மந்தைவெளியில் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை. கவுன்ட்டரில் முதலாளி கோபால் சார் இருந்தார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார் கேசட் குட்த்துக்கிறீங்க. அந்தம்மா சாவவே இல்ல."

"எந்தம்மா?"

"ஹீரோவோட அம்மா சார். தேட்டர்ல நாலு வாட்டி பாத்த படம் இது. அந்தம்மா பஸ்ல போய்க்கினு இருக்கும், லாரிய வுட்டு அட்ச்சிடுவானுங்கோ. அங்கதான் இன்டர்வெல். அப்பாலதான தலைவர் எறங்கி வெளுப்பாரு? இதுல அந்தம்மா பஸ் ஏறிச்சி, வணக்கம்னு போட்டுட்டான். சண்டையே கெடயாது."

"டேப் அறுந்திருக்கும்பா."

"அறுந்தா வணக்கம் எப்டி சார் வரும்? தலைவரே மூணு வாட்டிதான் வர்றாரு. அதுவும் அந்தம்மாகிட்ட சோறு போடுன்னு கேக்க வர்றாரு. எங்க ஸ்டாண்டு பசங்கள வேற இட்டுனு வந்து உக்கார வச்சிக்கிறேன். மானமே பூட்ச்சி சார்."

சார் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மத்தியானம் கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

2. நாங்கள் பார்த்தது

படத்தின் பெயர் எப்போதும்போல் ஐந்து நிமிஷம் ஓடியது. அடுத்த காட்சியே தப்பு. ஹீரோ தன் அம்மாவை நினைத்துப் பார்ப்பதாகக் கடைசியில் வரும் காட்சி முதலில் வந்தது. சின்ன வயசு அம்மா மழையில் துணி எடுக்க ஓடுகிறாள். ஹீரோ கண்ணீர் விடும் முகம் இருக்க வேண்டும். அது இல்லை. பிறகு அம்மாவுக்குக் கல்யாணம், மடியில் பிள்ளை, அடிபம்பில் பக்கத்து வீட்டுக்காரியோடு வாய்ச்சண்டை. ஹீரோவின் டூயட் பாட்டு வந்தது. அதில் அம்மா ஜன்னலில் நின்று பார்ப்பதுபோல் நாலு இடம் உண்டு. அந்த நாலு இடம் மட்டும் இருந்தது. பாட்டு விக்கல் எடுத்த மாதிரி நாலு தடவை கேட்டு நின்றது.

அந்த அம்மா வேஷம் போட்ட நடிகை அழுகைக்குப் பேர் போனவர். அந்தக் கேசட்டில் அவர் ஒரு சொட்டு அழவில்லை. வில்லன் வந்து வாசலில் கத்துகிற காட்சியே கிடையாது. கடற்கரையில் சுண்டல் தின்றார். காமெடியன் சொன்னதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் மஞ்சள் பையோடு பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது. வணக்கம்.

நூறு தடவை என் கையில் வந்துபோன படம். எடுத்தவர்கள் அல்லாத யாரோ ஒருவர் உள்ளே புகுந்து அதை வேறு படமாக்கிவிட்டார். அப்படிச் செய்ய முடியும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

சார் டிவியை அணைத்தார்.

"லோகு, ஒரு கேசட்ல இருந்து இன்னொண்ணுக்கு இப்படி எடுக்கணும்னா எத்தனை டெக் வேணும்?"

"ரெண்டு சார்."

"ரெண்டு டெக் பக்கத்துல பக்கத்துல எங்க இருக்கு?"

டிவி பக்கத்தில் இருந்த இரண்டு டெக்கைக் கை காட்டினேன்.

"மத்தியானம் மூணு மணி நேரம் கடை மூடியிருக்கும்போது உள்ள யார் இருக்கறது?"

அப்போதுதான் அவர் எங்கே வருகிறார் என்று புரிந்தது. நான் இல்லை என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

"ரைட்ஸ் வச்சிருக்கற கம்பெனி ஆளுங்க இதப் பாத்தாங்கன்னா, படத்த வெட்டி வாடகைக்கு விடறான்னு சொல்லிக் கடைய மூட வச்சிடுவாங்க. சனிக்கிழமைக்குள்ள யார் பண்ணதுன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்க."

என் வீட்டுக்காரருக்கு அப்போது கால் விளங்காமல் இருந்தது. பெண் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். என் சம்பளம் ஒன்றில்தான் அடுப்பு எரிந்தது.

3. மூன்றாம் நம்பர் டெக்

மறுநாள் வாடகை நோட்டைப் பார்த்தேன். அந்தக் கேசட் மூன்று வாரத்தில் பதினோரு வீட்டுக்குப் போய் வந்திருந்தது. ஏழுமலையைத் தவிர ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு வீட்டில் அதையே மறுபடி வாங்கிப் போயிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

கேசட்டை மறுபடி போட்டேன். ஒவ்வொரு ஒட்டிலும் கலர் கலராக ஒரு கோடு மின்னி மறைந்தது. பாஸ் பட்டனால் நடுவில் நிறுத்தி நிறுத்தி ரெக்கார்ட் செய்யும்போது அப்படி வரும். அதைவிட முக்கியமாக, படத்தின் அடியில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஆடிக்கொண்டே இருந்தது. அது எனக்குத் தெரிந்த கோடு. கடையில் வாடகைக்கு விட்ட ஆறு டெக்கில் மூன்றாம் நம்பர் டெக்கில் ரெக்கார்ட் செய்தால் மட்டும் அந்தக் கோடு விழும். டேப்பில் படத்தைப் பதிக்கிற ஹெட் தேய்ந்திருந்தது. மாற்ற வேண்டும் என்று சாரிடம் சொல்ல நினைத்து நினைத்துச் சொல்லாமலே விட்டிருந்தேன்.

கேசட்டின் மேல் எங்கள் நம்பர் ஸ்டிக்கரும் இல்லை. டெக் சூட்டில் ஸ்டிக்கர் உதிர்வது சகஜம் என்பதால் நான் கவனிக்கவில்லை. யாரோ தங்கள் சொந்தக் கேசட்டை மறதியாக எங்கள் டப்பாவில் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

டெக் நோட்டைப் புரட்டினேன். ஒன்றரை மாதமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை மூன்றாம் நம்பர் டெக் ஒரே வீட்டுக்குப் போயிருந்தது. குளத்துக்குப் பக்கத்துத் தெரு. பேங்க் ஆபீசர் முரளி என்று கையெழுத்து. அவர் வீட்டில் சொந்தமாகவே ஒரு டெக் உண்டு என்று எனக்குத் தெரியும். பிறகு எதற்கு இன்னொன்று என்று யாரும் கேட்கவில்லை.

அவரோடு அவருடைய அம்மா வருவார். படியிலேயே நிற்பார். என்னைப் போலவே வாயில்லாத ஆள். ஒரே ஒரு தடவை, மகன் கவுன்ட்டரில் பேசிக்கொண்டிருந்தபோது திரைச்சீலை ஓரமாக வந்து என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, ரெக்கார்டு அமுக்கிட்டு பாஸ் அமுக்கினா, மறுபடி எப்போ வேணுமோ அப்போ ஆரம்பிச்சுக்கலாமோ?"

ஆமாம் மாமி என்று சொல்லி, எழுந்து வந்து செய்தும் காட்டினேன்.

அது ஞாபகம் வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். எழுபது வயது இருக்கும் அந்த மாமிக்கு. பூஜை அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பவர் என்று நினைத்திருந்தேன். வழி காட்டிக் கொடுத்ததும் நானேதான்.

சொல்லிவிட்டால் என் வேலை தப்பும். ஆனால் தெருவே வேடிக்கை பார்க்கும்படி சார் அந்த வீட்டு வாசலில் போய் நின்று கத்துவார். மகனுக்குத் தெரியாமல் செய்திருந்தால் மாமி என்ன ஆவார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வரை தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று வருவேன், சாயங்காலம் சொல்லாமல் போவேன்.

4. சனிக்கிழமை

சாயங்காலம் ஐந்து மணிக்கு சார் என்னைக் கவுன்ட்டருக்குக் கூப்பிட்டார். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றார்கள்.

"என்ன லோகு, ஆள் கெடச்சாச்சா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பேசாம இருந்தா என்ன அர்த்தம்? நீதான் பண்ணேன்னு எடுத்துக்கறேன். நாளைலேர்ந்து வராத."

அந்த நேரத்தில் முரளி சார் படியேறி வந்தார். பின்னாலேயே மாமி. கையில் ஒரு துணிப்பை. மாமி என்னைப் பார்த்தார், சார் கையில் ஆட்டிக்கொண்டிருந்த கேசட்டைப் பார்த்தார். எப்போதும் படியில் நிற்பவர் அன்றைக்கு உள்ளே வந்தார். பையிலிருந்து இன்னொரு கேசட்டை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார். அதன்மேல் எங்கள் நம்பர் ஸ்டிக்கர் இருந்தது.

"இதுதான் உங்களோடது. அது என்னோடது. மாத்தி வச்சுட்டேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்கோ."

சார் இரண்டு கேசட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மகன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அம்மா, நீ ரிமோட்டைக்கூடத் தொட மாட்டியே" என்றார் அவர்.

"நீ ஆத்துல இருக்கறச்சே தொட மாட்டேன்."

"பேரனுக்குக் கார்ட்டூன் எடுக்கணும்னு சொல்லித்தானே ரெண்டாவது டெக் எடுக்கச் சொன்னே?"

"அவனுக்கும்தான் எடுத்தேன்."

நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை.

"மாமி, பெரிய மனுஷி நீங்க. நல்லா ஓடின படத்த எதுக்கு இப்படி வெட்டினீங்க?"

மாமி கேசட்டையே பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"அவளை எதுக்குக் கொல்லணும்? பிள்ளை சண்டை போட ஒரு காரணம் வேணும். அதுக்காக ஒருத்தியை லாரி ஏத்திக் கொன்னுடறதா? அவ வந்த முதல் படத்துலேர்ந்து பாத்துண்டிருக்கேன். எல்லாத்துலயும் ஒண்ணு அழ விடறா, இல்லேன்னா கொன்னுடறா. அவ சிரிச்சா எவ்வளவு நன்னா இருக்கும் தெரியுமோ? அந்த இடத்தையெல்லாம் ஒண்ணா சேர்த்துப் பாத்துண்டேன். ஊருக்குக் காட்டணும்னு பண்ணலை."

முன்பு சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சார்தான் முதலில் தெளிந்தார். "சரி மாமி, போனது போகட்டும். ஆனா இது வெளிய சுத்தினா என் கடை போச்சு. லோகு, இத இப்பவே அழிச்சிடு."

"அழிச்சுடுங்கோ" என்றார் மாமியும். "தப்பு என்னோடதுதான்."

அப்போது நான் வாயைத் திறந்தேன். எப்படி வந்தது என்று தெரியாது. "சார், ஒரு தடவ முழுசா ஓட்டிப் பாத்துட்டு அழிக்கறேன்."

சார் என்னை விசித்திரமாகப் பார்த்தார். தன் தப்பு உறுத்தியதோ என்னவோ, சரி என்று கை காட்டினார்.

பின்னறையில் போட்டேன். மாமி என் ஸ்டூலில் உட்கார்ந்தார். முரளி சார் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அடிபம்பு சண்டை வந்தபோது உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். படம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடியது. ஜன்னலோரம் அந்த நடிகை உட்கார்ந்தார், பஸ் கிளம்பியது.

"இந்த பஸ் எங்கேம்மா போறது?" என்று கேட்டார் மகன்.

"எனக்கென்னடா தெரியும்? படத்துல அதுக்குமேல அவ இல்லை. இருக்கறதை வச்சுண்டுதானே ஒட்ட முடியும்."

அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேசட்டை ரீவைண்ட் செய்து ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். பெயரும் மழையில் ஓடிய பெண்ணும் போய்த் திரை கறுப்பானது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மாமி எழுந்து போனார்.

சார் என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை. மறுநாள் டீ சொல்லும்போது எனக்கும் சேர்த்து ஒன்று சொன்னார். வேலை நிலைத்தது.

அடுத்த சனிக்கிழமை முரளி சார் தனியாக வந்தார். மூன்றாம் நம்பர் டெக் கேட்டார். கூடவே ஒரு பிளாங்க் கேசட்.

"நல்ல கேசட்டா குடுங்க. அம்மாவுக்கு" என்றார்.

திரைச்சீலைக்குப் பின்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தக் கேசட் என்பதால் அது எங்களிடம் திரும்பி வரவில்லை. மாமி அதில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

வேலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அன்றைக்கு என்னிடம் இரண்டு டெக் இருந்தது. அலமாரியில் பிளாங்க் கேசட் இருந்தது. ஒரு காப்பி எடுத்து மாமியிடம் கொடுத்துவிட்டு அழிக்கட்டுமா சார் என்று நான் கேட்டிருந்தால், அன்று இருந்த மனநிலையில் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஒரு வாக்கியம் பேசியதிலேயே பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்து அடுத்த வாக்கியத்தைப் பேசாமல் விட்டேன். வாரக்கணக்கில் ஒரு அம்மாள் உட்கார்ந்து ஒட்டியதை ஒரு மணி நேரத்தில் என் விரல் அழித்தது. முதலாளி சொன்னார், உரியவரும் சரி என்றார், அதனால் செய்தேன் என்பது உண்மைதான். அது எனக்குப் போதவில்லை. ஒரு பொருளை அழிக்கச் சொன்னால், அழிப்பதற்கு முன்னால் இன்னும் ஒரு தடவை வாயைத் திறந்து கேளுங்கள்.