அறுபட்ட பூட்டோடு ஸ்டேஷனுக்குப் போனேன்

இன்று காலை தூத்துக்குடி பீச் ரோட்டில் பூட்டி வைத்த என் சைக்கிளைக் காணோம். அறுபட்ட பூட்டு மட்டும் கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

"திருட்டுன்னு எழுதாதிய. தொலைஞ்சு போச்சுன்னு எழுதுங்க, உடனே ரசீது தாரேன்" என்றார் ஏட்டு.

"பூட்டை அறுத்திருக்கான் சார்!"

"திருட்டுன்னா கேஸ் போடணும்லா?"

எழுதிக் கொடுக்காமல் வெளியே வந்தேன். பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"எனக்கும் இங்கன சைக்கிள் போச்சுண்ணே. வீட்ல இருந்தே போலீசுக்கு ஆன்லைன்ல புகார் குடுத்தேன். திருட்டுன்னே பதிஞ்சாவ."

"சைக்கிள் கெடைச்சுதாலே?"

"இல்லண்ணே."

சைக்கிள் இரண்டு ஊரிலும் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே திருடன் என்று ஒருவன் இருக்கிறான். இங்கே அப்படி ஒருவனே கிடையாதாம்.

தன் பூட்டைத் தானே அறுத்துக்கொண்டு ஓடிப்போன கறுப்பு சைக்கிளை யாராவது பார்த்தால் சொல்லுங்கள்.