நோன்பு திறக்கப் பத்து நிமிடம்

கோமாரியை நெருங்கும்போது செருப்பின் வார் அறுந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். மதியம் லுஹர் தொழுதுவிட்டுப் பொத்துவில் பக்கமிருந்து கிளம்பியவன். நோன்பு, தொண்டை காய்ந்திருந்தது. திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

அலைச்சறுக்க வரும் வெள்ளைக்காரர் தங்கும் விடுதியொன்றில் பரிமாறும் வேலை பார்த்தேன். பொழுது சாய அவர்கள் கடலிலிருந்து பசியோடு ஏறுவார்கள். நோன்பு திறக்கும் மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்வதும் அப்போதுதான். நோன்பு தொடங்கிய ஒன்பது நாளும் கையில் தட்டுகளோடு ஒரு பேரீச்சம்பழத்தை விழுங்கித்தான் நோன்பு திறந்தேன்.

அன்று காலை ஸ்பெயின்காரி ஒருத்தி, நான் ஏன் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று விசாரித்தாள். சொன்னேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு விளங்கும் ஆங்கிலத்தில் தன் மொழிச் சொல்லொன்றை விளக்கினாள்: தெசாயுனார். காலைச் சாப்பாடு சாப்பிடுவதைக் குறிக்கும் சொல். அதற்குள் இருக்கும் அயுனோ என்பது நோன்பு. நோன்பை முடிப்பது என்பதுதான் பழைய அர்த்தம். அவர்களுடைய முன்னோர் தேவாலயத்துக்காக நோன்பிருந்தவர்களாம். இப்போது பதினொரு மணிக்கு எழும்பிக் கோப்பி குடித்தாலும் அதே சொல்தான், நோன்பு ஒருவருக்கும் நினைவில்லை என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒன்பது நாளில் நோன்பு திறந்த நினைவு எனக்கு ஒன்றுகூட இல்லை.

நேரே முதலாளியிடம் போய்ப் பத்து நிமிடம் கேட்டேன். அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவரும் நோன்பாளிதான்.

"குந்தியிருந்துதான் நோன்பு தொறக்கணுமாடா? பழத்த வாய்க்குள்ள போட்டுட்டு ஓடு."

"குந்தியிருந்துதான், காக்கா."

"அப்ப வேற இடம் பாரு."

பையை எடுத்துக்கொண்டேன்.

கோமாரியில் பள்ளிவாசல் ஒன்றில் பாங்கு சொல்லும்வரை காத்திருந்தேன். கஞ்சிக் கோப்பையை முன்னால் வைத்துச் சம்மணம் கட்டி உட்கார்ந்து, கடைசி வாய்வரை ஆறுதலாகக் குடித்தேன். பிறகு மீன் லொறியொன்று காரைதீவுச் சந்திவரை ஏற்றிவந்தது.

விடிந்ததும் சந்தியில் இடியப்பக் கடையொன்றில் ஆள் தேவை என்றார்கள். கடைக்காரர் என் தொப்பியைப் பார்த்தார்.

"நோன்போட காலச் சாப்பாடு குடுப்பியா தம்பி? சொதி மணம் மூக்கப் பிடிச்சு இழுக்குமே."

"இழுக்கட்டும் அண்ணன். கட எத்தின மணிக்குப் பூட்டுவீங்க?"

"பகல் ரெண்டு மணிக்கு."

"அப்ப ஓம்," என்றேன். துணியை வாங்கி முதல் மேசையைத் துடைத்தேன்.