பாடத்தில் இல்லாத கிழங்குச் சமையல்

இன்று காலை பதுளை பஸ்ஸில் சமூகக்கல்விப் பாடத்தைப் படித்துக்கொண்டு வந்தேன். மனிதன் முதலில் காட்டில் கிழங்கு தோண்டினான், பிறகு பயிர் செய்தான், கடைசியில் தொழிற்சாலைக்கு வந்தான். மூன்று கட்டங்கள்.

பக்கத்தில் ராக்கம்மா அக்கா. எங்கள் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் இராவேலை முடித்து, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போகிறார்.

“என்னா புள்ள, முணுமுணுக்கிற?”

சொன்னேன். சிரித்துக்கொண்டே மடியிலிருந்த சாக்கைத் திறந்தார். மண் ஒட்டிய காட்டுக் கிழங்கு.

“பேக்டரிக்கு வந்து பதினோரு வருசமாச்சு. அரசாங்கம் கூப்பனுக்குக் குடுக்கிற அரிசியக் கொறைச்சதுல இருந்து காடே கதின்னு கெடக்கிறேன். என்னைய எதுல சேர்ப்ப?”

மூன்று கட்டங்களையும் மறுபடி படித்துப் பார்த்தேன்.

“நேத்து அவிச்சுக் குடுத்தேன். தொண்டை அரிக்குதுன்னு ரெண்டு புள்ளைகளும் அழுதுச்சுங்க. இன்னைக்கும் இதுதான். அந்தக் காலத்து ஆளுங்க அரிப்ப எப்படிப் போக்குனாங்கன்னு போட்டிருக்கா?”

பாடம் முழுவதும் தேடினேன். இல்லை. அந்த மனிதன் சாப்பிட்டானா என்று பார்க்காமலே அவனைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

தோழிகளே, சாயங்காலம் நான் அக்காவின் லயத்துக்குப் போய் அரிப்பைப் போக்க வழி சொல்ல வேண்டும். வகுப்புச் சுவரில் ஒட்டிய இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் இதை எப்படிச் சமைக்கிறார்கள் என்று வெட்கப்படாமல் எழுதுங்கள்.

டீச்சர், உங்களுக்குத் தெரிந்தாலும் எழுதலாம்.