பால்கனியில் என்ன தெரிகிறது

அந்த மே மாதம், தாராவியில் எங்கள் சந்து முனையில் என் முகம் எட்டடி அகலத்துக்குத் தொங்கியது. அம்மாவின் தம்பி, என் மாமா, அடித்த ஃபிளெக்ஸ் பேனர். பட்டமளிப்பு அங்கியில் நான். கீழே, 'இத்தாலி மொழி கற்று இத்தாலி செல்லும் எங்கள் வீட்டு முதல் பட்டதாரியை வாழ்த்துகிறோம்' என்று எழுத்து. மூலையில் கைகூப்பியபடி மாமா.

அப்போது நான் தேர்வே எழுதியிருக்கவில்லை. தோல் பை வடிவமைப்பு படிக்க அங்கே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அடிப்படை இத்தாலியத் தேர்வில் தேறிய சான்றிதழை ஜூலைக்குள் அனுப்பினால்தான் அந்த இடம் எனக்கு. "தேர்வு முடியட்டும் மாமா" என்று தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் யார் முகமும் செத்த பிறகல்லாமல் பேனரில் வந்ததில்லை. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

சனி, ஞாயிறுகளில் செம்பூரில் வகுப்பு. ரொட்டி வாங்குவது, பேருந்து எண் கேட்பது, தலை வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்வது. வீட்டில் ஏணி ஏறி, மேல்தட்டில் உட்கார்ந்து சொல்லிப் பார்ப்பேன். அங்கே நிமிர முடியாது, தகரம் இடிக்கும். சுவருக்கு அந்தப் பக்கத்து அக்காவுக்கு எல்லாம் கேட்கும்.

"ஏட்டி, இத்தாலிக்காரன் இன்னைக்கு என்ன சமைக்கான்?"

"மீன் வாங்கப் போயிருக்கான் அக்கா."

"நம்ம கொழம்பு காய்ச்சுறதுக்கு முன்னாடி வந்துருவானா?"

தேர்வில் எழுத்தும் கேட்டுப் புரிதலும் சுலபமாகப் போயின. பேச்சுத் தேர்வு நடத்தியவர் நரைத்த தலையுள்ள ஓர் இத்தாலியப் பெண்மணி. உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

ஒரு அறை, ஏணி, தகரக் கூரை. எல்லாவற்றுக்கும் எனக்குச் சொல் தெரியும். ஏணிக்கான சொல் பாடத்தில் இல்லாததால் நானே தேடி வைத்திருந்தேன். ஆனால் அவருடைய இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்தில் இருந்த வீட்டைச் சொன்னேன். இரண்டு படுக்கையறை, பெரிய சமையலறை, ஒரு பால்கனி.

அவருக்கு மகிழ்ச்சி. பால்கனியில் இருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று கேட்டார்.

புத்தகத்தில் அந்தப் பாடம் பால்கனியோடு முடிந்திருந்தது. கடல் என்றேன். மாலையில் அங்கே யாருடன் உட்காருவீர்கள்? என்ன செடிகள் வைத்திருக்கிறீர்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக ஒரு பொய் வேண்டியிருந்தது. இல்லாத செடிக்கு நான் சொல் படித்திருக்கவில்லை. மேஜையைப் பார்த்தபடி இருந்துவிட்டேன்.

பேச்சில் தோல்வி என்று முடிவு வந்தது. அடுத்த தேர்வு டிசம்பரில்.

மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. சந்து முனையைத் தவிர்க்க, பொதுக் கழிப்பிடத்தைச் சுற்றி வந்தேன். அங்கேயும் வரிசையில் நின்றவர்கள், "எப்பம் கெளம்புதே?" என்றார்கள். மாமா வந்து, "ஏர்போர்ட்டுக்கு ரெண்டு டெம்போ சொல்லியிருக்கேன் மருமவளே, தேதிய மட்டும் சொல்லு" என்றார். இன்னும் வரவில்லை மாமா என்றேன்.

அவர் போனதும் அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, நான் ஃபெயில்."

அம்மா அடுப்பைத் தணித்தாள். "திரும்ப எழுத முடியாதா?"

"டிசம்பர்லதான். அதுக்குள்ள சீட்டு போயிரும்."

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. என்னைவிடப் பெரிய எதையோ கேட்டுத்தான் என்னைத் தோற்கடித்திருப்பார்கள் என்று நினைத்தாள் போலும்.

"அப்படி என்னத்தட்டி கேட்டா அவ?"

"வீடு எப்படி இருக்கும்னு கேட்டாங்க."

"இதுல என்ன இருக்கு? ஒத்த ரூம்பு. ஏணில ஏறினா நீயும் தங்கச்சியும் படுக்க எடம். மழைக்கு மூலையில ஒரு வாளி. எனக்கே சொல்லத் தெரியுதே." என் முகத்தைப் பார்த்தாள். "நீ என்ன சொன்ன?"

இரண்டு படுக்கையறை என்று அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை.