பெருமாள்சாமியின் செட்டில் இல்லாத இரைச்சல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நம் ஹாம் ரேடியோ வட்டத்தில், அவரவர் வீட்டில் கட்டிய செட்டிலிருந்து, வரிசையாகப் பேர் சொல்லிப் பேசுவோம். போன மாதம் ஒரு ஞாயிறு, எம்.ரெட்டியபட்டி பெருமாள்சாமியின் முறை வந்தது. சத்தமில்லை. இரண்டு முறை கூப்பிட்டோம். பந்தல்குடி நண்பர் குறுக்கே வந்தார். "அவுக வரமாட்டாகண்ணே. நேத்துச் சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவுக எந்திரிக்கல."

அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள், வட்டத்து நண்பர்களே. எழுதுகிறேன். ஆனால் முப்பது வருடமாக அவன்மேல் எனக்கு இருந்தது வயிற்றெரிச்சல்தான். மறைத்து எழுதினால் அவனே நம்பமாட்டான். 'அவர்' என்று எழுதினாலும் சிரிப்பான்.

நாங்கள் பழகியது அருப்புக்கோட்டை ராவுத்தர் கடையில். அவர் வீரசோழன் ஊர்க்காரர். ரேடியோ பாகங்கள் மட்டும் விற்றார். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே என்ன இருக்கிறதோ அதில் ஒன்று ஒவ்வொரு முகப்பிலும் நூலில் தொங்கும். உங்களில் சிலர் அங்கே கால்கடுக்க நின்று கதையடித்திருப்பீர்கள். இன்று அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். எனக்கு வேண்டிய பாகங்கள் கூரியரில் வருகின்றன. பிரித்தால் பேச ஆளில்லை.

ராவுத்தர் எல்லோரையும் கவுண்டருக்கு வெளியேதான் நிறுத்துவார். பெருமாள்சாமியை மட்டும் உள்ளே விடுவார். "அவரு எடுத்த எடத்துல திருப்பி வப்பாரு. நீங்க கலைச்சுப்புடுவீக" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். உண்மைதான். ஆனாலும் எரிந்தது.

அவனுக்கு எல்லாமே அமைந்தது. கரிசல் காடு, எர்த் கம்பியை ஊன்றினால் போதும். ஏரியல் கட்ட எதிரெதிரே இரண்டு பனைமரம். எனக்கோ அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெரு. விசைத்தறி மோட்டார்கள் நிற்கிறவரை கரகரப்பைத் தவிர ஒன்றும் கேட்காது. ஒரே கடையில் வாங்கிய பாகங்களால்தான் இருவரும் செட் கட்டினோம். என் குரல் விருதுநகரைத் தாண்டவில்லை. அவன் குரலைக் கொழும்பில் ஒருவர் கேட்டு, கேட்டதாக அட்டையே அனுப்பிவிட்டார். ராவுத்தர் அதை வாங்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்.

அப்போது நமக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை வட்டமெல்லாம் கிடையாது. அவன் என்னிடம்தான் ஆசையாகக் கேட்டான். "ஏலே, என் குரல் எப்படி வருது?"

"ஹம் அடிக்குதுப்பா" என்றேன். பேச்சுக்கு அடியில் வண்டு மாதிரி ஓர் இரைச்சல் என்று விளக்கமும் சொன்னேன். அத்தனையும் பொய். அவ்வளவு சுத்தமான குரலை நான் கேட்டதே இல்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்வது ஒன்றுதான் நமக்குள் இருக்கிற ஒழுங்கு. அதை நான் மீறினேன்.

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறி வந்து, ஹம்மைப் போக்கும் ஃபில்டர் கண்டன்சர் ஒன்று வாங்கிப்போனான். "இப்ப எப்படிலே?" "இன்னும் இருக்கு." மறு சனிக்கிழமை இன்னொன்று. வேடிக்கை பார்க்க நானும் தவறாமல் போனேன். வாங்கி முடித்ததும் டீ குடிப்போம். வடையைப் பிய்த்துப் பாதி தருவான். "விடமாட்டேம்லே. அந்த ஹம்மை ஒருநாள் புடிச்சிருவேன்" என்பான். ராவுத்தர் கடையை ஒரேயடியாக மூடும்வரை இரண்டு வருடம் இதே கூத்து. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். கண்ணாடியில் அந்தக் கொழும்பு அட்டை தெரியும், வாயை மூடிக்கொள்வேன்.

துக்கம் கேட்கப் போனபோது அவன் மனைவி சீனியம்மாளிடம் போட்டு உடைத்தேன். "தப்புப் பண்ணிட்டேன் தங்கச்சி. அவன் செட்டுல ஹம்மே கிடையாது."

அழுது வீங்கிய முகத்தோடு சிரித்தார். உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். நிறையக் கண்டன்சர்கள், உறைகூடப் பிரிக்காமல்.

"மொதல்ல வாங்குன ஒண்ணத்தான் மாட்டுனாக. அந்த வாரமே கொழும்புக்காரரு, சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாராம்."

"பெறகு ஏன் வாங்குனான்?"

"நானும் கேட்டேண்ணே. 'நான் போகலைன்னா அந்தக் கிறுக்கன் கடைக்கு வரமாட்டான். சனிக்கிழமை யாரோட டீ குடிக்க?'ன்னாக."

படுபாவி. இதிலும் ஜெயித்துவிட்டான். என் பொய்யைத் தெரிந்துகொண்டே பாதி வடை தந்திருக்கிறான். இப்படி ஒரு மனசு எனக்கு ஏன் வாய்க்கவில்லை என்று, சீனியம்மாள் கொடுத்தனுப்பிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வழியெல்லாம் வயிறெரிந்தேன்.

டப்பா இப்போது என் செட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றையும் பிரிக்கப்போவதில்லை. போன ஞாயிறு அவன் முறை வருகிற நேரத்தில், நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, நான் மைக்கை எடுத்தேன்.

"பெருமாள்சாமி, ஹம் இல்லலே. என்னைக்குமே இருந்ததில்ல."