கிரீடத்துக்கு ஒரு படம் பாக்கி

"…ஒரே ஒரு படந்தாண்ணே பாக்கி. அதச் சொல்லிட்டா கிரீடம். அதான் உங்க போனைக் கட் பண்ணிக்கிட்டே இருந்தேன். மச்சான் செத்ததுக்குத்தான் அடிக்கிறீங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

சவ வண்டியின் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று அவன் என்னிடம் இதைச் சொன்னான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் புதுச் சேலை. வண்டிக்குள் கிடந்தது அவனுடைய தங்கையின் புருஷன். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர், இருபது வருஷமாக எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டியவர். "போனு கையில இருந்தா ஆளு வூட்ல இருக்க மாட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்று விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மலேசியாவில் கோலா பிலா பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. முன்பெல்லாம் சாவுச் செய்தி சொல்ல ஆள் போவான். வீட்டுக்குள் வரமாட்டான், தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டான், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பான். சனம் தொழிற்சாலை வேலைக்காக அம்பாங்கானுக்கும் சுங்கை காடுட்டுக்கும் குடிபெயர்ந்த பிறகு, நல்லது கெட்டது சொல்ல ஒரு வாட்சாப் குழு வைத்தோம். குழுவில் போட்டால் வீடு வீடாகப் போய்ச் சொன்ன மாதிரி என்று பெரியவர்களே முடிவு செய்தார்கள். அதை நம்பித்தான் அன்றைக்கு நாங்கள் யாரையும் அவன் இருந்த அம்பாங்கானுக்கு அனுப்பவில்லை.

அந்தக் குழுவில் சாவு எப்போதாவதுதான் வரும். விளையாட்டு தினமும் வரும். கோலா பிலாவில் தையற்கடை வைத்திருக்கும் அக்காதான் நடத்துகிறவர். ஒரு யானை, ஒரு குடை, ஒரு வாழைப்பழம் என்று பொம்மைப் படங்களாகப் போடுவார். அது எந்த சினிமா என்று முதலில் சொல்ல வேண்டும். அதிகம் சொன்னவனுக்குப் பரிசு, அவன் பேருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கிரீடம். அவ்வளவுதான். நாலு காசு பெறாத பொம்மை.

அன்று காலையில் நான் சாவுச் செய்தியைக் குழுவில் போட்டேன். இரண்டு பேர் கும்பிடு போட்டார்கள், ஒருவர் அழுகிற மூஞ்சி போட்டார். அதற்குக் கீழே யானை வந்துவிட்டது. பிறகு பதில், பதிலுக்குக் கைதட்டல். இறந்தவர் மேலே மேலே ஏறிக் கண்ணுக்கு மறைந்துபோனார்.

மின்சுடலையில் நேரம் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். பிணம் எடுக்கும் முன் புருஷனை இழந்தவள் தோளில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை விழ வேண்டும். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது இந்த அண்ணன் ஒருவன்தான். "வரேன்னு சொன்னாராண்ணே?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுகையை நிறுத்தி, கேட்டுவிட்டு, மறுபடி அழுவாள்.

நான் அவனுக்குப் போன் அடித்தேன். வெட்டினான். வெட்டிய கையோடு குழுவில் அவன் பதில் வந்து விழுந்தது. "சூப்பர்லா தம்பி" என்று கீழே ஒருத்தர். மறுபடி அடித்தேன், மறுபடி வெட்டினான், மறுபடி பதில். பக்கத்தில் பிணம், கையில் கைதட்டல்.

பொறுக்காமல் விளையாட்டுக்கு நடுவிலேயே இன்னொரு தடவை சாவைப் போட்டேன். தையற்கடை அக்கா உடனே எழுதினார்: "அண்ணே, ஆட்டம் முடியட்டும்லா. நடுவுல போட்டா பதிலு மேல போயிடுது." யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன்காரனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்களாம்.

ஏன் விளையாடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தொழிற்சாலையில் அவன் பெட்டிக்கு ஒட்டுத்தாள் ஒட்டுகிறான். பொழுதுக்கும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது, "ஓய்"தான். இங்கே ஒரு யானையைச் சரியாகச் சொன்னால் ஊரே பேர் சொல்லிப் பாராட்டுகிறது. அக்காவின் கடைக்குத் துணி கொண்டு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். படம் போட்டால் எல்லாரும் வருகிறார்கள். பாவம்தான். எல்லாம் புரிகிறது. புரிந்த பிறகும் அருவருப்பு போகவில்லை என்பதுதான் உண்மை.

வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் கடிகாரத்தைக் காட்டினார். லயத்துக் கிழவி ஒருத்தி என்னைப் பிடித்துத் தள்ளினாள். "இந்த லயத்துல பொறந்தவன்தானே நீ? நீயும் அவளுக்கு அண்ணன்தான். போட்டு வுடுடா, பொணம் காத்துக்கிட்டா கெடக்கும்?" என் மனைவி தீபாவளிக்கு வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த சேலையை எடுத்து வந்தாள். உறவென்று சொல்ல எதுவுமில்லாத நான் அதை இறந்தவர் மனைவியின் தோளில் போர்த்தினேன். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கண் செம்மண் ரோட்டிலேயே இருந்தது.

வண்டியில் ஏற்றிய பிறகுதான் அவனுடைய மோட்டார் வந்து நின்றது. பொம்மைப் படம் தவிர எதையும் படிக்காமல் விளையாடியவன், ஆட்டம் முடிந்த பிறகு மேலே தள்ளிப் பார்த்திருக்கிறான், அப்போதுதான் தெரிந்ததாம். வரும் வழியில் சேலையும் வாங்கியிருக்கிறான். தங்கையின் தோளில் கிடந்த சேலையைப் பார்த்தான், கையிலிருந்த பையைப் பார்த்தான், பிறகு என் பக்கம் திரும்பி அந்தக் கிரீடக் கதையைச் சொன்னான்.

நான் வண்டிக் கதவை அழுத்திச் சாத்தினேன். பேசியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அவள்தான் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். குத்தலாகக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"கெடச்சிச்சாண்ணே?"

"இல்லம்மா. கடைசிப் படத்த வேற ஒருத்தன் சொல்லிட்டான்" என்றான். சொல்லிவிட்டு, சேலைப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அது எந்தப் படம் என்று அவள் முகத்துக்கு நேரே காட்டினான்.