சனிக்கிழமை வந்து குழாயைப் பார்த்த கலைச்செல்வி

எங்கள் தாமான், அதாவது எங்கள் குடியிருப்பு, வாட்சாப் குழுவில் பல வருஷமாய்ப் பெரும்பாலும் ஒரே செய்திதான் வந்துகொண்டிருந்தது: இன்று இத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும், பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போன வியாழக்கிழமை காலையில் போன் சத்தம் போட்டதும் பழைய பழக்கத்தில் வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுத்தான் பேத்தியைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு, "பாட்டி, இது தண்ணி இல்ல. கலைச்செல்வி மேடம் இறந்துட்டாங்களாம்" என்றாள். அந்த வாளியைக் காலியாகவே உள்ளே எடுத்துப்போனேன்.

சிகாமட் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கும் எங்கள் ஆற்றை நம்பித்தான் மேலே மூன்று தாமான், கீழே மலாய்க்காரர்களின் கிராமமான ஒரு கம்பம், புதிதாய் வந்த தொழிற்சாலைகள். வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. ஆறு அதே ஆறுதான். இருபது வருஷம் கழித்து இத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று திட்டம் போட வந்த பொறியாளர் அவர். என் மகள் வயதுதான் இருக்கும். நானோ எஸ்டேட் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இருக்கிறது. அவர் போட்ட கணக்கில் தப்பைக் கண்டுபிடித்தவள் நான்.

முதல் கூட்டம் பாலாய் ராயா மண்டபத்தில் நடந்தது. வரைபடத்தைச் சுவரில் மாட்டி அவர் பேச ஆரம்பித்ததும், கடைக்காரர் முனியாண்டி பின்னாலிருந்து, "வருசா வருசம் வெள்ளத்துல மெதக்குற ஊரு. இங்க வந்து தண்ணி இல்லாமப் போகும்னு சொல்றீங்களே லா!" என்றார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து கலைச்செல்வி கேட்டார்: "வெள்ளத் தண்ணியில சோறு ஆக்குறீங்களாண்ணே? வர்ற தண்ணி வேற, வச்சிருக்கிற தண்ணி வேற."

பல நாட்கள் வந்து அளந்ததாகவும், எங்களுக்குத் தண்ணீர் விடும் மேட்டுத் தொட்டி இன்னும் பல வருஷம் தாங்கும் என்றும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். தாமான் தலைவர், "பாட்டி, இது டெக்னிக்கல் விசயம், உக்காருங்க" என்றார்.

"டெக்னிக்கலுக்குத்தான் எந்திரிச்சேன். மேடம், எந்தக் கிழமை அளந்தீங்க?"

வேலை நாட்களில் என்றார்.

"வேலை நாள்ல இங்க யாரு இருக்கா? என் ரெண்டு பிள்ளைங்களும் மருமகளும் சிங்கப்பூர்ல. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் ஒரு வார அழுக்குத் துணியோட வந்து இறங்குவாங்க. எல்லா வீட்டுலயும் இதே கததான். சனிக்கிழமை காலையில தாமான் முழுக்க மெஷின் ஓடும். மேல் வரிசையில என் வீட்டுக் குழாய்ல காத்துதான் வரும்."

தலைவர் சிரித்தார். கலைச்செல்வி சிரிக்கவில்லை. "வீட்டு நம்பர் சொல்லுங்கம்மா" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் என் வாசலில் நின்றார், கையில் ஒரு வாளியோடு. வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அரைமணிக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். மருமகள் துணி மூட்டையோடு வந்து, "அத்தை, யாரு இவங்க?" என்று காதில் கேட்டாள்.

"தண்ணி ஆபீஸ் மேடம். நீ துணி தொவைக்கிறதப் பாக்க வந்திருக்காங்க."

"ஐயோ, நான் இன்னைக்கு ஒரு தடவதான் மெஷின் போடப்போறேன்!"

"வேணாங்க, எப்பவும் போல நாலு தடவ போடுங்க. அப்பதான் என் வேலை நடக்கும்" என்றார் கலைச்செல்வி. ஒன்பதரைக்குக் குழாய் புஸ்ஸென்று காற்று விட்டது. அதை எழுதிக்கொண்டுதான் நான் வைத்த தோசையில் கை வைத்தார்.

அடுத்த கூட்டத்தில், மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போதே, "போன தடவை நான் சொன்னது தப்பு. இந்த அம்மா சொன்னதுதான் சரி" என்றார். படித்தவர்கள் எத்தனை பேர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? அன்றைக்கு என் கால் தரையில் இல்லை.

ஆனால் அந்தச் 'சரி' என் தலையிலேயே வந்து விழுந்தது. எங்கள் தாமானுக்கு மேலே இருந்த சமநிலத்தில் புது வீடுகள் வருவதாக இருந்தது. மூத்தவன் சேகர் சிங்கப்பூரை விட்டுவிட்டு என் பக்கத்திலேயே வந்துவிட அங்கே ஒரு வீட்டுக்குப் பதிந்திருந்தான். சனிக்கிழமைக் கணக்கைப் போட்டதும் தண்ணீர் போதாது என்றாகிவிட்டது. முதலில் அந்த நிலத்தின் பெரும்பகுதியில் மழைநீரைத் தேக்க ஒரு குளம், அதன் பிறகுதான் மிச்ச இடத்தில் வீடு என்று கலைச்செல்வி திட்டத்தில் எழுதிவிட்டார்.

நேரே அவர் அலுவலகத்துக்குப் போனேன். "ஆத்துல இன்னும் கொஞ்சம் எடுத்தா என்ன கொறைஞ்சு போகும்?"

"எடுக்கலாம்மா. மழை இல்லாத மாசத்துல கீழ கம்பத்துக்காரங்க மணலையா குடிப்பாங்க?"

"என் பேச்சக் கேட்டுட்டு என் பிள்ளை வீட்டையே தூக்கிட்டீங்களே!"

"உங்க பேச்ச நான் எழுதாம விட்டா, உங்க பிள்ளை வீட்டுக் குழாய்லயும் காத்துதான்மா வரும்."

குரல் உயரவில்லை. திட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் அவரோடு பேசவில்லை. அவரும் வருவதை நிறுத்தவில்லை. பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, தீபாவளி என்று பிள்ளைகள் ஊர் திரும்பும் நாளெல்லாம் வாளியோடு வந்துவிடுவார். முகத்தைத் திருப்பிக்கொண்டு டீயை மேசையில் வைப்பேன். ஒரு நாள், "சீனி கம்மிம்மா" என்றார். "கோவத்துல போட்ட டீ அப்படித்தான் இருக்கும்" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு கோபம் போயிற்று.

குளம் முடிந்தது. போன தீபாவளிக் காலையில் தாமானே நிறைந்திருந்தது, குழாய் நிற்கவில்லை. உடனே அவரைக் கூப்பிட்டேன். "கலை, தண்ணி நிக்கவே இல்ல!"

"எத்தன மணி வரைக்கும் பாத்தீங்கம்மா?"

"பத்து."

"பன்னெண்டு வரைக்கும் பாத்துட்டுச் சொல்லுங்க."

அப்போது அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நேற்று புது வீடுகளுக்கான கூட்டம். சேகரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். புதிதாய் வந்திருக்கும் அதிகாரி, இருக்கும் வீடுகளுக்குப் போகத் தண்ணீர் மிச்சம் இருக்கிறது, உடனே கட்டத் தொடங்கலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எந்தக் கிழமை அளந்தீர்கள் என்று கேட்டேன். புதன்கிழமை என்றார். கேள்வி என்னுடையது. வருகிற பதில் நம் வீட்டையே தள்ளிப்போட்டாலும் அசையாமல் நிற்கிற பிடிவாதம் கலைச்செல்வியுடையது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். தீபாவளிக்கு வந்து அளந்துவிட்டுக் கட்டுங்கள் என்றேன்.

சேகர் என் கையைப் பிடித்தான். "அம்மா, மறுபடியுமா? தீபாவளி வரைக்குமா?"

"ஆமாய்யா. தீபாவளி வரைக்கும்."